கற்பூர மரமும் கண்டக்டர் அண்ணனும்

கோத்தகிரிக்குக் குடிவந்த மூன்றாம் வருடம், வீட்டின் பின்மேட்டில் நின்ற கற்பூர மரம் எங்கள் தகரக் கூரையைப் பார்த்துச் சாயத் தொடங்கியது. சமவெளியில் தைல மரம் என்பார்கள். நீலகிரியில் அது கற்பூர மரம். ஐப்பசி மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. மலையின் இந்தக் கிழக்குப் பக்கத்தில் வடகிழக்குப் பருவமழைதான் பயமுறுத்தும். 2009 நவம்பரில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை நீலகிரியில் யாரும் மறக்கவில்லை. நானோ ஈரோட்டுப் பழக்கத்தில் வாளும் கயிறுமாக இரண்டு பேரை வரச் சொல்லிவிட்டேன்.

"வாள் படுவதற்கு முன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா தம்பி?" வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

கண்டக்டர் அண்ணன். மேட்டுப்பாளையம் வழித்தடத்தில் முப்பது வருடம் டிக்கெட் கொடுத்து ஓய்வுபெற்றவர். மனிதர்களை அவர் பெயரால் நினைவில் வைப்பதில்லை, ஏறிய இடத்தால் வைத்திருக்கிறார். "அரவேணு ஜன்னலோரம்", "குஞ்சப்பனையில் கோழியோடு ஏறும் அம்மாவின் மருமகன்" என்றுதான் அவருடைய கைப்பேசியிலேயே பதிவு. எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் நீளவாக்கில் மடித்து, ரூபாய் நோட்டைப் போல விரலிடுக்கில் செருகிக்கொள்வார்.

சட்டத்தை அவர்தான் சொன்னார். மலைப்பகுதி மரங்களைப் பாதுகாக்க 1955-இல் வந்த சட்டம் இருக்கிறது. சொந்தப் பட்டா நிலமானாலும் அனுமதியில்லாமல் மரத்தை வெட்ட முடியாது. ஆபத்தான மரம் என்று கோட்டாட்சியருக்கு மனு எழுதினேன். கோத்தகிரி வட்டம் குன்னூர் கோட்டத்தில் வருகிறது. பட்டா நகலும் புகைப்படங்களும் இணைத்தேன். படங்களைப் பார்த்த அண்ணன் சிரித்துவிட்டார். அடிமரத்தை அருகில் நின்று எடுத்திருந்தேன். அதில் மரம் நிமிர்ந்து நின்றது! கீழ்ச் சாலையில் நின்று, கூரையும் மரமும் ஒரே படத்தில் விழும்படி எடுக்கச் சொன்னார். மனு கொடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இத்தனை பேரைத் தெரிந்தவர், ஒரே போனில் காரியத்தை முடித்துவிடுவார் என்று நம்பியிருந்தேன். போன்கள் என்னவோ நிறையப் போயின, பாதி படுக மொழியில். ஆனால் சிபாரிசு என்று ஒன்றும் நடக்கவில்லை. ஊரில் வேறு மாதிரிப் பேசிக்கொண்டதால் இதை அழுத்திச் சொல்கிறேன். அவரால் கிடைத்தது தகவல்தான்: "செவ்வாய்க்கிழமை கிராம நிர்வாக அலுவலர் வெளியே போகிறார், நீ புதன்கிழமை போ." எனக்கு அதுவே பெரிய உதவி.

பார்வையிட வந்தார்கள். வனத்துறை ஊழியர் மார்பளவு உயரத்தில் நாடா பிடித்துச் சுற்றளவு எடுத்தார். புல வரைபடத்தை விரித்து அளந்தபோதுதான் விஷயம் தெரிந்தது: மரத்தின் அடி என் எல்லைக்கு ஒன்றரை அடி அப்பால் இருந்தது. அந்த இடம் கூட்டுப் பட்டா. கண்டக்டர் அண்ணன் ஒரு பங்காளி, அவருடைய சித்தப்பா மகன் இன்னொருவர். மனுவில் இரண்டு பேரும் கையெழுத்திட வேண்டும்.

அண்ணன் என் ஸ்கூட்டர் இருக்கையில் வைத்தே கையெழுத்துப் போட்டுவிட்டார். பிறகு பேச்சைக் காணோம். தேயிலைத் தோட்டத்துப் பாதைத் தகராறில் தம்பியோடு பேசிப் பதினொரு வருடம் ஆகிறதாம்.

"கீழே நீலக் கதவு. நீயே போய் வா."

போனேன். தேநீர் கிடைத்தது, கையெழுத்து கிடைக்கவில்லை. "மேட்டுப்பாளையம் வரை ஆள் வைத்திருக்கிறான், இருபது படி இறங்கி வர வழி தெரியாதா அவனுக்கு?" என்றார் தம்பி. இதை அப்படியே போய்ச் சொல்லலாமா என்று யோசித்தேன், சொல்லிவிட்டேன். நான்கு நாள் அண்ணன் வேலிப்பக்கமே வரவில்லை.

ஐந்தாம் நாள் காற்றில் ஒரு கிளை முறிந்து அவருடைய கோழிக்கூண்டின் மேலேயே விழுந்தது. அன்று மாலை குடையை ஊன்றிக்கொண்டு அவர் படியிறங்குவதைப் பார்த்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பினார். விரலிடுக்கில் காகிதம் இருந்தது.

"அவனுக்கு மூன்று வருடமாகச் சர்க்கரையாம் தம்பி. எனக்கு ஒருவரும் சொல்லவில்லை." கையில் இருந்ததை என்னிடம் கொடுக்கக்கூட மறந்து நின்றார்.

அனுமதி வந்தது. மின்கம்பியில் மின்சாரத்தை நிறுத்தி, கயிறு கட்டி, உச்சியிலிருந்து துண்டு துண்டாக இறக்கினார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் அண்ணன் பழைய விசிலை ஊதினார். "இது பஸ் இல்லை, நிறுத்து" என்று கீழேயிருந்து தம்பி கத்திக்கொண்டிருந்தார்.

வெட்டியதற்கு ஈடாக நாவல் கன்றுகள் இரண்டு வாங்கினேன். எல்லையிலிருந்து பத்தடி தள்ளி, என் பக்கமாகவே நட்டேன்.