குடும்பச் சொத்தாக வரும் சர்க்கரை நோய்

என் அப்பாவுக்கும் அத்தைக்கும் நாற்பது வயதுக்கு மேல் சர்க்கரை நோய் வந்ததால், எனக்கும் அது வந்தே தீரும் என்று உறவினர்கள் எப்போதோ தீர்ப்பு எழுதிவிட்டார்கள். வாய்ப்பு கூடுதல் என்பது உண்மைதான். பெற்றோரில் ஒருவருக்கு இரண்டாம் வகை நீரிழிவு இருந்தால் பிள்ளைக்கு வாழ்நாளில் அது வரும் வாய்ப்பு ஏறத்தாழ 40 சதவீதம் என்றும், இருவருக்கும் இருந்தால் 70 சதவீதத்தை நெருங்கும் என்றும் மருத்துவ நூல்கள் கூறுகின்றன.

ஆனால் இந்நோய்க்கென்று ஒரே மரபணு கிடையாது. இளம் வயதிலேயே வரும் சில அரிய வகைகள் தனிக் கதை. நூற்றுக்கணக்கான மரபணு மாறுபாடுகள் ஒவ்வொன்றும் சிறிதளவே ஆபத்தைக் கூட்டுகின்றன. அவற்றுள் வலுவானதாகக் கருதப்படும், 2006இல் கண்டறியப்பட்ட டிசிஎஃப்7எல்2 மரபணுவின் மாறுபாடு, கணையத்தின் பீட்டா செல்கள் இன்சுலின் சுரக்கும் திறனைக் குறைக்கிறது. அதன் ஒரு பிரதியைப் பெற்றவருக்குக்கூட ஆபத்து இரு மடங்காவதில்லை. மேலும், மரபணுவோடு உணவுப் பழக்கத்தையும் உட்கார்ந்தே இருக்கும் வழக்கத்தையும் சேர்த்தே குடும்பம் நமக்குக் கொடுக்கிறது.

நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்களிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஆய்வில், எடைக் குறைப்பும் உடற்பயிற்சியும் நோய் வருவதை 58 சதவீதம் குறைத்தன; மெட்ஃபார்மின் மாத்திரை குறைத்ததோ 31 சதவீதம். டிசிஎஃப்7எல்2 மாறுபாட்டைச் சுமந்தவர்களுக்கும் வாழ்க்கைமுறை மாற்றம் பலனளித்தது என்பதைத்தான் நான் உறவினர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

மருத்துவமனைப் படிவத்தில் குடும்ப வரலாற்றுக்கு ‘ஆம், இல்லை’ என இரண்டே கட்டங்கள் இருப்பது எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. யாருக்கு, எந்த வயதில் வந்தது, தாய்க்குக் கர்ப்பகாலத்தில் சர்க்கரை இருந்ததா என்பவற்றையும் விசாரித்து எழுதி மருத்துவரிடம் காட்டினால், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையை எப்போது தொடங்குவது என்று அவரால் தீர்மானிக்க முடியும்.