உடும்புக்கு ஏது தாடி?

போன ஞாயிற்றுக்கிழமை காலை சிங்கப்பூரின் சுவா சூ காங் பக்கம் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தபோது, வாய்க்காலை ஒட்டிய மரக்கிளையில் பச்சையும் சாம்பலுமாக ஒன்று படுத்திருந்தது, வாலையும் சேர்த்தால் என் சைக்கிள் நீளம் வரும். நடக்க வந்திருந்த பெரியவர் ஒருவர், "உடும்பு தம்பி, கிட்ட போகாதீங்க, புடிச்சா விடாது" என்றார். தலையாட்டினேன். ஆனால் அதன் தொண்டையிலிருந்து தொங்கிய தோல் உறுத்திக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் முதுகு நெடுக சீப்புப் பல் மாதிரி முள், காதுக்குக் கீழே காசு அளவுக்கு வட்டமாக ஒரு செதில். சரிதான், பச்சை இகுவானா! மெக்சிகோவிலிருந்து பிரேசில், பராகுவே வரை ஆற்றோர மரங்களில் வாழ்கிற பிராணி. நம் நீர் உடும்பு மீன், முட்டை, செத்தது என்று எதையும் விடாது. இதற்கோ இலை, பூ, பழம் போதும். உச்சந்தலையில் ஒளியை உணரும் மூன்றாம் கண் ஒன்று இருக்கிறது, உருவம் தெரியாது, ஆனால் மேலே பருந்தின் நிழல் விழுந்தால் தெரிந்துவிடும். உடனே அத்தனை உயரத்திலிருந்து தொப்பென்று ஆற்றில் விழுந்து நீந்திப் போய்விடும். 1995இல் கரீபியனில் புயல் அடித்த பிறகு, 15 இகுவானாக்களாவது மிதந்து வந்த மரக்கட்டைகளோடு அங்குவில்லா தீவில் கரையேறினவாம்!

சிங்கப்பூருக்கு அப்படி மிதந்து வந்திருக்காது. இங்கே வீட்டில் வளர்க்க அனுமதியுள்ள ஊர்வன சிவப்புக்காது ஆமையும் மலாயா பெட்டி ஆமையும்தான், ஆனாலும் யாராவது திருட்டுத்தனமாகச் சாண் நீளக் குட்டியை ஆசையாக வாங்கியிருப்பார்கள், அது ஐந்தடி வளர்ந்து வாலால் விளாசத் தொடங்கியதும் இரவோடு இரவாக விட்டிருப்பார்கள். எனக்கு அவர்கள் மேல்தான் கோபம். வெயில், மழை, தண்ணீரோரம் மரம், எல்லாம் சொந்த ஊர் மாதிரியே இருந்தால் அது ஏன் சாகப்போகிறது? மண்ணைத் தோண்டி ஒரே தடவையில் சில டஜன் முட்டை இடும், அப்புறம் அம்மா கிளம்பிவிடும், மூன்று மாதத்தில் குஞ்சுகள் தாமாகவே வெளியே வரும்.

இந்த வாரம் அதே பெரியவரைப் பார்த்தேன். படத்தைக் காட்டி எல்லாவற்றையும் விளக்கினேன், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"இலை மட்டுந்தான் திங்குமா?"

"ஆமாம் அங்கிள்."

"அப்ப சைவ உடும்பு" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.