பெயருக்கு முன்னால் என்ன அடைமொழி?

ஒரு நாளிதழ் எந்தக் கட்சிப் பக்கம் என்று டீக்கடையில் கேட்டால் உடனே பதில் வந்துவிடும். இன்றைய நிலவரத்துக்கு அந்தப் பதில் பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். அதே நாளிதழ் 1952இல் எங்கே நின்றது, 1977இல் எங்கே நின்றது என்று கேட்டால்தான் பேச்சு தடுமாறும். புதுச்சேரியிலும் கடலூரிலும் பழைய கோப்புகளைப் புரட்ட உட்காரும் இதழியல், வரலாறு மாணவர்களுக்காக, அதைக் கண்டுபிடிக்கும் வழியை எழுதுகிறேன்.

நிலைப்பாடு வேறு, ஆதரவு வேறு. இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுவதுதான் இந்த வேலையில் நடக்கும் முதல் தவறு. இதற்குப் பெரியாரின் நாளேடான ‘விடுதலை’யை விடத் தெளிவான பாடம் தமிழில் இல்லை. 1935இல் நீதிக்கட்சி ஏடாகத் தொடங்கியது. பெரியாரின் ஆதரவு 1952 தேர்தலில் கம்யூனிஸ்டுகள் இருந்த அணிக்கு. 1954இல் ராஜாஜி பதவி விலகிக் காமராஜர் முதல்வரானதும் ஆதரவு காமராஜருக்கு. 1957, 1962, 1967 மூன்று தேர்தலிலும் காங்கிரசுக்கு. 1967இல் தி.மு.க. வென்றபின் தி.மு.க.வுக்கு. ஆதரவை மட்டும் பட்டியல் போட்டால் நிலையில்லாத ஏடு என்று தோன்றும். வகுப்புரிமை (இட ஒதுக்கீடு), சாதி ஒழிப்பு, கல்வி ஆகியவற்றில் அதன் குரல் இந்த ஆண்டுகள் முழுக்க மாறவே இல்லை. அந்தக் குரலுக்கு யாரால் பயன் என்று பார்த்துத்தான் ஆதரவு இடம் மாறியது. ஆகவே நோட்டில் இரண்டு தனிப் பத்திகள் வேண்டும். ஒன்றில் ‘எதற்காக’, இன்னொன்றில் ‘யாருக்காக’.

கட்சி ஏடுகளில் ஆதரவு வெளிப்படையாகவே இருக்கும். வார இதழ்களிலும் அப்படிச் சில நேரம் நடந்ததுண்டு. தி.மு.க.வை ஆண்டுக்கணக்கில் கடுமையாக விமர்சித்துவந்த ‘துக்ளக்’ சோ 1996இல் தி.மு.க. – த.மா.கா. (தமிழ் மாநில காங்கிரஸ்) அணியை ஆதரித்தார். பொதுவான நாளிதழ்களோ ‘இவருக்கு ஓட்டுப் போடுங்கள்’ என்று தலையங்கத்தில் எழுதுவது அபூர்வம். அங்கே ஆதரவைச் சொற்களிலும் இடத்திலும் தேட வேண்டும்.

மாதம் முழுவதையும் படிக்கத் தேவையில்லை. ஒரு தேர்தலுக்குப் பத்துப் பன்னிரண்டு இதழ்கள் போதும்: கூட்டணி அறிவிப்புக்கு மறுநாள், வேட்புமனு கடைசி நாளுக்கு மறுநாள், பிரச்சாரத்தின் கடைசி ஐந்து நாள், வாக்குப்பதிவு நாள், முடிவு வந்த மறுநாள், பதவியேற்புக்கு மறுநாள். காலை இதழ் முந்தின இரவே அச்சாகிவிடும் என்பதை மறக்கக் கூடாது. வாக்கு எண்ணும் நாளின் தலையங்கம் முடிவு தெரியாமல் எழுதியது. வாக்குச் சீட்டுக் காலத்தில் எண்ணிக்கை நீண்டுகொண்டே போகும். அதனால் முடிவு பற்றிய தலையங்கம் இரண்டு மூன்று நாள் தள்ளிக்கூட வந்திருக்கும். ‘தோல்வியைப் பற்றி மௌனம்’ என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள்.

ஒவ்வொரு செய்திக்கும் தேதி, பதிப்பு, பக்கம், இடம், யார், என்ன அடைமொழி, என்ன வினைச்சொல் என்று குறியுங்கள். தமிழ் நாளிதழில் அதிகம் காட்டிக்கொடுப்பது கடைசி இரண்டும்தான். ‘கலைஞர்’, ‘முதல்வர் கருணாநிதி’, ‘திரு. கருணாநிதி’, வெறும் ‘கருணாநிதி’ என நான்கு விதமாக எழுதலாம், நான்கும் நான்கு தூரம். ‘புரட்சித்தலைவர்’, ‘எம்.ஜி.ஆர்.’, ‘எம்.ஜி.ராமச்சந்திரன்’ என்பதும் அப்படியே. ஆனால் ஒரு பெயரை மட்டும் பார்த்து முடிவு கட்டினால் ஏமாறுவோம். எல்லாத் தலைவர்களுக்கும் அடைமொழியை வெட்டுவது அந்த நாளிதழின் பொது வழக்கமாக இருக்கலாம். அதே நாளில், அதே பக்கத்தில் எதிரணித் தலைவரை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று சேர்த்துப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

வினைச்சொல்லில் ‘கூறினார்’, ‘தெரிவித்தார்’ இரண்டும் நடுவில் நிற்பவை. ‘சுட்டிக்காட்டினார்’ என்று எழுதினால் சொன்ன விஷயம் உண்மைதான் என்று நாளிதழே ஒப்புக்கொள்கிறது. ‘குற்றம் சாட்டினார்’ என்றால் பொறுப்பு பேசியவர் தலையில். ‘மழுப்பினார்’ என்றால் நாளிதழ் தீர்ப்பே சொல்லிவிட்டது. ஒரே ஊழல் புகாரை இரு தரப்பும் எழுப்பும்போது ஒருவர் சுட்டிக்காட்டுகிறார், மற்றவர் குற்றம் சாட்டுகிறார் என்று வந்தால், அது பத்துத் தலையங்கம் சொல்லாததைச் சொல்லிவிடும்.

இடத்தை அளக்கும்போது பத்தி அகலத்தையும் உயரத்தையும் அப்படியே கூட்டி வைத்துவிட்டால் பின்னால் சிக்கல். பத்திகளின் எண்ணிக்கையும் தாளின் அளவும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன. பக்கத்தில் எத்தனை சதவீதம் என்று மாற்றி எழுதினால்தான் 1957ஐயும் 1996ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். பைண்டு செய்த தொகுதியில் உள் ஓரத்துப் பத்தி தையலுக்குள் மறைந்திருக்கும். அதை அளக்க முதுகை விரித்து அழுத்தாதீர்கள். தாள் நொறுங்கிவிடும், அடுத்து வருபவருக்கு அந்தப் பத்தியே இருக்காது. அதே பக்கத்தில் தையலுக்குள் மறையாத பத்தி ஒன்றை அளந்து எடுத்துக்கொள்ளலாம்.

பதிப்பு என்று ஏன் குறிக்கச் சொன்னேன் என்றால், தலையங்கம் எல்லாப் பதிப்புக்கும் ஒன்றாக இருந்தாலும் முதல் பக்கம் அப்படி இருக்காது. வெளியூருக்குப் போகும் பிரதி முன்னதாக அச்சாகும். நகரப் பிரதியில் இருக்கும் நள்ளிரவுச் செய்தி அதில் இருக்காது. கடலூர் நூலகத்துக் கோப்பையும் சென்னைக் கோப்பையும் கலந்து எடுத்தால் இல்லாத மாற்றம் ஒன்று தென்படும்.

உரிமையாளர் மாறிய நாளையும் தேடிப் பிடியுங்கள். 1956ஆம் ஆண்டு விதிகளின்படி, பதிவுபெற்ற நாளிதழ் ஒவ்வொன்றும் பிப்ரவரி முடிந்ததும் வரும் முதல் இதழில் படிவம் 4 என்ற அறிக்கையை அச்சிட வேண்டியிருந்தது (2024இல் புதிய விதிகள் வந்துவிட்டன). அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர், உரிமையாளர், 1 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவர் எல்லாரும் அதில் இருப்பார்கள். மார்ச் முதல் வாரத்து உள்பக்கங்களில் சின்ன எழுத்தில் கிடக்கும், யாரும் பார்ப்பதில்லை. இரண்டு ஆண்டுப் படிவங்களை ஒப்பிட்டால் கை மாறியது தெரியும். 1977இல் கே.பி.கந்தசாமி தொடங்கிய ‘தினகரன்’ 2005இல் சன் குழுமத்திடம் போனது. அதன் முன்னும் பின்னும் ஒரே கணக்கில் எழுதக் கூடாது, 2005இல் கோடு போட்டுத் தனித்தனியாகத்தான் எழுத வேண்டும்.

அரசு விளம்பரமும் ஒரு தடயம். டெண்டர் அறிவிப்புகள் திடீரென்று நின்று மாதக்கணக்கில் வராமல் இருந்தால், ஆட்சிக்கும் அந்த நாளிதழுக்கும் உறவு கெட்டிருக்கலாம். தேர்தல் நடத்தை விதி அமலில் இருந்த வாரங்களைக் கழித்துவிட்டு எண்ணுங்கள்.

நெருக்கடி நிலைக் காலத்தை மொத்தமாகத் தள்ளி வையுங்கள். 25.6.1975 முதல் 21.3.1977 வரை நீடித்த அதன் பெரும்பகுதியில் தணிக்கை இருந்ததால் மௌனத்தை ஆதரவாக எண்ண முடியாது. ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ தலையங்க இடத்தை வெறுமையாக விட்டு வெளிவந்தது. தமிழ்நாட்டில் 31.1.1976இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டபின் பிடி இன்னும் இறுகியது. புதுச்சேரியிலோ 1974 மார்ச் கடைசியிலிருந்தே குடியரசுத் தலைவர் ஆட்சி. நெருக்கடி நிலை முழுவதும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட அரசே இல்லை.

இதைச் சொல்லும்போதே நம் ஊரின் பெரிய கண்ணியையும் சொல்ல வேண்டும். சென்னை அளவுகோலால் புதுச்சேரியை அளக்க முடியாது. 1974 மார்ச்சில் அ.தி.மு.க. தன் முதல் ஆட்சியைப் புதுச்சேரியில்தான் அமைத்தது, எஸ்.ராமசாமி முதல்வர், சுமார் மூன்று வாரம்தான் நீடித்தது. 1979 ஜனவரியில் புதுச்சேரியைத் தமிழ்நாட்டோடு இணைக்கும் பேச்சு எழுந்ததும் ஊரே கொதித்தது. அந்த மாதத்தில் ஒரு நாளிதழ் எந்தப் பக்கம் என்பதைக் கட்சி வரிசையில் தேடக் கூடாது, ‘இணைப்பு’ என்ற ஒரு சொல்லை எப்படிக் கையாண்டது என்பதில் தேட வேண்டும். 2011இல் என்.ஆர்.காங்கிரசும் அ.தி.மு.க.வும் கூட்டணியாக நின்று வென்றன. என்.ரங்கசாமி அ.தி.மு.க.வைச் சேர்க்காமல் ஆட்சி அமைத்தார். ஏப்ரலில் கூட்டணியை ஆதரித்த நாளிதழை மே மாதத்தில் எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்? கட்சிப் பெயரை எழுதாமல் தேதியோடு அணியை எழுதினால் இந்தச் சிக்கல் வராது.

கடலூர்ப் பக்கமும் இப்படி ஒன்று உண்டு. 1952இல் தென்னார்க்காட்டை மையமாகக் கொண்ட ராமசாமிப் படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சி காங்கிரசை எதிர்த்து நின்று சட்டமன்றத்தில் 19 இடம் பிடித்தது. இரண்டே ஆண்டில் அவர் காமராஜர் அமைச்சரவையில் இருந்தார். அவரை ஆதரித்த ஏட்டை ‘காங்கிரஸ் எதிர்ப்பு’ என்று எழுதி வைத்தால் 1954இல் அந்தப் பதிவு பொய்யாகிவிடும்.

நாட்டின் சுதந்திரத்துக்கு முந்திய ஏடுகளுக்கு வேறு முறை. பாரதியின் ‘இந்தியா’ 1906இல் சென்னையில் தொடங்கி, 1908 அக்டோபரில் புதுச்சேரிக்கு வந்து, 1910 மார்ச்சில் நின்றது. பிரெஞ்சுக்காரர்களின் 1881 அச்சுச் சட்டம் இங்கே இடம் தந்தது. எல்லைக்கு அந்தப்புறம் ஆங்கில அரசு இதழை உள்ளே விடாமல் தடுத்தது. சிவப்புத் தாளில் அச்சான இதழ் அது. மைக்ரோஃபிலிமில் பார்த்தால் அந்தச் சிவப்பு தெரியாது. சந்தா விகிதத்தையும் தவறாமல் குறியுங்கள்: அரசாங்கத்தாருக்கு 50 ரூபாய், ஜமீன்தார்களுக்கும் ராஜாக்களுக்கும் 30, மாதம் 200 ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 15, மற்றவர்களுக்கு 3. நிலைப்பாட்டை விலையிலேயே அச்சிட்ட இதழ்! எத்தனை முறை படித்தாலும் எனக்கு அந்தத் துணிச்சல் மேல் மரியாதை கூடுகிறது.

மூல இதழ் கிடைக்காதபோது பலரும் போவது சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலுள்ள சுதேசப் பத்திரிகை அறிக்கைகளுக்கு. அரசின் மொழிபெயர்ப்பாளர் இந்திய மொழி ஏடுகளிலிருந்து எடுத்து ஆங்கிலத்தில் கொடுத்த சுருக்கம் அது. பயன்படுத்தலாம். ஆனால் அரசாங்கத்துக்கு உறுத்திய வரிகளே அதில் அதிகம் இருக்கும். அதை வைத்துச் சதவீதம் போட்டால் ஏடு முழுக்க ராஜதுரோகமே எழுதியதாகத் தோன்றும். அதில் தேதியையும் பொருளையும் மட்டும் எடுத்துக்கொண்டு, சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில் மூலத்தின் மைக்ரோஃபிலிம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அந்த வாரத்து இதழை முதல் பக்கம் முதல் கடைசி விளம்பரம் வரை படித்த பிறகு சதவீதம் போடுங்கள்.