ஆடாதொடை மணப்பாகு: மூன்று தடவை காய்ச்சிய பிறகு

போன வருஷம் சாரல் தொடங்கிய வாரத்தில் எனக்குத் தடுமம், அதாவது ஜலதோஷம், பிடித்தது. செங்கோட்டையை அடுத்த புளியரைப் பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஆனி மாதம் இறங்குகிற காற்று கொடியில் கிடக்கிற துணியையும் காயவிடாது, தொண்டையையும் சும்மா விடாது. மூக்கொழுகல் நாலு நாளில் நின்றது. இருமல் மட்டும் 12 நாள் இருந்தது. மருந்து ஒன்றும் எடுக்கவில்லை, வெந்நீர் மட்டும் குடித்தேன். ராத்திரி எத்தனை தடவை இருமி எழுந்து உட்கார்ந்தேன் என்பதை மகளின் பழைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். முதல் ஐந்து ராத்திரி: 5, 5, 4, 4, 3. அந்தப் பக்கம் வளர்ந்து இப்போது முழு நோட்டும் நிறைந்துவிட்டது.

கைவைத்தியம் எங்கள் வீட்டில் புதிதில்லை. ஆனால் எதை எவ்வளவு போட்டோம், எத்தனை நாள் குடித்தோம், நிஜமாகவே குறைந்ததா என்று யாரும் எழுதி வைத்ததில்லை. ஒரு கைப்பிடி, ஒரு சிட்டிகை, கொஞ்சம் வற்றினதும் இறக்கு. ஆச்சிக்கு அந்த அளவு கையிலேயே இருந்தது. எனக்கு இல்லை. அதனால் தராசும் அளவுக் குவளையும் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

முதலில் எடுத்தது ஆடாதொடை மணப்பாகு, அதாவது இலைச் சாற்றைக் கற்கண்டு சேர்த்துப் பாகாகக் காய்ச்சுகிற மருந்து. எங்கள் வயல் வேலியே ஆடாதொடைதான். ஆடு வாய் வைக்காது என்பதால் வேலிக்கு நடுவார்கள், பெயரும் அதனால் வந்தது என்பார்கள். எதிரெதிராக நீண்ட இலை, கதிர் போல நிற்கிற வெள்ளைப் பூ, பூவின் உதட்டில் ஊதா நிறக் கீற்று. ஒரு துண்டு இலையைக் கடித்தால் கசப்பு அரை மணி நேரம் நாக்கை விட்டுப் போகாது. அதில் இருக்கிற வாசிசின் என்ற வேதிப்பொருளை அடிப்படையாக வைத்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி இளக்கும் மருந்தை உருவாக்கினார்கள். கடையில் வாங்குகிற பல இருமல் சிரப்புகளின் அட்டையில் அந்தப் பெயர் இருக்கும். அதைப் படித்த நாளிலிருந்து வேலியைப் பார்க்கும்போது எனக்கு ஒரு மரியாதை.

முதல் தடவை, ஆனி கடைசி. 250 கிராம் முற்றிய இலையைக் கழுவி, துடைத்து, உரலில் இடித்துப் பிழிந்தேன். கை வலித்ததுதான் மிச்சம். பச்சைக் களி போல உருண்டதே தவிர, இரண்டு கரண்டிச் சாறுகூடத் தேறவில்லை. திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஆச்சி, “ஏட்டி, பச்சையா இடிச்சா அது சாறு விடாது. கொப்பரையில வச்சு அவிச்சிட்டுப் பிழி” என்றார். இட்லிக் கொப்பரையில் துணி விரித்து, இலையை அடுக்கி, பத்து நிமிஷம் ஆவியில் வைத்தேன். இலை கரும்பச்சையாகி, ஈரத்துணி மாதிரித் தொய்ந்துவிட்டது. சூட்டோடு துணியில் கட்டி முறுக்கினதும் தேயிலைக் கஷாய நிறத்தில் சாறு வழிந்தது. அளந்தேன்: 100 மில்லி. உரலில் இடித்து வராதது பத்து நிமிஷ ஆவியில் வந்துவிட்டது.

அதில் 50 கிராம் பனங்கற்கண்டு போட்டுக் காய்ச்சினேன். சர்க்கரை குறைவாக இருந்தால் நல்லது என்று எனக்கு ஒரு எண்ணம். ஒன்பதாம் நாள் பாட்டிலைத் திறந்தால் மேலே வெள்ளைப் படலம், புளித்த வாடை. அப்படியே கொட்டிவிட்டேன். மணப்பாகில் இனிப்பு வெறும் ருசிக்கு இல்லை. பாகில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை இருந்தால்தான் பூஞ்சைக்கு வேண்டிய தண்ணீர் கிடைக்காமல் போய், மருந்து கெடாமல் நிற்கும்.

இரண்டாம் தடவை 100 மில்லி சாறுக்கு 200 கிராம் கற்கண்டு. இந்தத் தடவை கெடவில்லை, முறுகிவிட்டது. பெரிய தீயில் வைத்துவிட்டு வாசலில் பேச்சுக் கொடுத்ததன் பலன். ஒரு வாரத்தில் பாட்டிலின் அடியில் கற்கண்டு திரும்பவும் கட்டியாக விளைந்து, கரண்டி இறங்கவில்லை.

மூன்றாம் தடவை செய்ததைத்தான் இப்போதும் செய்கிறேன். 200 கிராம் பனங்கற்கண்டை 100 மில்லி தண்ணீரில் கரைத்து வடிகட்ட வேண்டும். வடிகட்டாமல் விட்டால் அடியில் தூசி தங்கும், ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்பூன் அளவு கறுப்பு மண்டி நின்றது. அந்தக் கரைசலைச் சின்னத் தீயில் கெட்டியாகிற வரை காய்ச்சி, பிறகு சாறு. மரக்கரண்டியால் கிண்டிக்கொண்டே இருக்க, முதலில் பெரிய குமிழாக வரும். பாகு ஆக ஆகக் குமிழ் சின்னதாகி, சத்தம் அடங்கும். அப்போது ஒரு சொட்டைத் தட்டில் விட்டு ஆறவைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தொட்டு இழுத்தால் ஒரு கம்பி எழும்பி உடனே அறும். அந்த நொடியில் அடுப்பை அணைக்க வேண்டும். கம்பி அறாமல் நீண்டுகொண்டே போனால் நேரம் கடந்துவிட்டது. வறுத்துப் பொடித்த திப்பிலியும் மிளகும் கால் ஸ்பூன் சேர்த்து, நன்றாக ஆறிய பிறகு இரண்டு ஸ்பூன் தேன். ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தேன். ஒரு மாதம் நிறமும் வாடையும் மாறவில்லை.

ஆவணியில் மறுபடி தடுமம் வந்தது. காலையும் இரவும் 5 மில்லி, வெந்நீரில் கலந்து குடித்தேன். ராத்திரிக் கணக்கு: 4, 2, 2, 1. சந்தோஷமாக இருந்தது. ஆனால் ஒரே தடவையை வைத்துப் பேசக்கூடாது என்று, ஐப்பசி அடைமழையில் வந்த தடுமத்துக்கு மணப்பாகை எடுக்காமல் வெந்நீரில் ஒரு ஸ்பூன் தேன் மட்டும் குடித்தேன். 4, 3, 1, 1. எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. தடுமம் என்பது எப்படியும் தானாகவே இறங்குகிற நோய், அதையும் கணக்கில் வைக்க வேண்டும். இருந்தாலும் மணப்பாகு குடித்த நாட்களில் சளி இளகி, காலையில் சிரமமில்லாமல் வெளியே வந்தது. தேன் குடித்தபோது தொண்டை ஆறுதலாக இருந்தது, நெஞ்சுக் கட்டு அப்படியே இருந்தது. வறட்டு இருமலுக்குத் தேன், சளி கட்டிய இருமலுக்கு மணப்பாகு என்று இப்போது வைத்திருக்கிறேன்.

கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்கும்போது நான் விடாமல் சொல்வது சில உண்டு. கர்ப்பிணிகள் ஆடாதொடையைத் தொடக்கூடாது, அது கருப்பையைச் சுருங்க வைக்கும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் ஆகாது. சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு இந்தப் பாகு சரிவராது. இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் எந்தக் கஷாயமும் வேண்டாம், அரசு மருத்துவமனையில் காசநோய்க்கான சளிப் பரிசோதனை இலவசம், போய்ப் பார்த்துவிட வேண்டும். இதை நான் யாரிடமும் மெதுவாகச் சொல்வதில்லை.

சுக்கு மல்லிப் பொடியில் அதிகம் கற்றுக்கொள்ள இருக்கவில்லை. 100 கிராம் சுக்கு, 100 கிராம் மல்லி, ஒரு ஸ்பூன் மிளகு, நாலு ஏலக்காய், கருப்பட்டி. இஞ்சிக்குப் புறம் நஞ்சு, கடுக்காய்க்கு அகம் நஞ்சு என்பார்கள், அதனால் தோலைச் சுரண்டிவிடுகிறேன். இஞ்சி காயும்போது அதில் இருக்கிற ஜிஞ்சரால், அதைவிடக் காரமான ஷோகாலாக மாறுகிறது. சுக்கின் காரம் இஞ்சியின் காரத்தைவிடத் தொண்டையில் ஆழமாக இறங்குவது அதனால்தான். ஜீரணத்துக்கு நன்றாக இருந்தது. தடுமத்துக்குச் சூடாகக் குடிக்கிற சுகம் உண்டு, அதற்கு மேல் என் நோட்டில் எதுவும் பதிவாகவில்லை.

வேது பிடிப்பதில் ஒரு மாற்றம் செய்தேன். நொச்சி இலை இரண்டு கை, மஞ்சள் கொஞ்சம், கொதித்ததும் பானையை அடுப்பிலிருந்து இறக்கித் தரையில் நன்றாகப் பதிய வைத்து, இரண்டு நிமிஷம் விட்டுத்தான் போர்வையை மூடுகிறேன். மூக்கடைப்பு ஒரு மணி நேரம் விலகி நிற்கிறது, அவ்வளவுதான், ஆனால் தூங்கப் போகும் நேரத்தில் அந்த ஒரு மணி நேரமே பெரிது. மகளைப் பக்கத்தில் விடுவதில்லை. கொதிநீர் சரிந்தால் அப்புறம் சளியைப் பற்றிப் பேசவே வேண்டியிருக்காது. அவளுக்கு 8 வயது. அவளுக்குக் கற்பூரவல்லி இலையைத் தணலில் வாட்டி, கசக்கிப் பிழிந்த நாலைந்து சொட்டில் தேன் கலந்து கொடுக்கிறேன்.

சேற்றுப்புண் விஷயம் நான் எதிர்பார்த்த மாதிரி போகவில்லை. நடவுக் காலத்தில் அத்தையின் கால்விரல் இடுக்கு வெளுத்து அரித்தது. மருதாணியை மையாக அரைத்து ஐந்து ராத்திரி வைத்தோம். மூன்றாம் நாளே அரிப்பு அடங்கியது, தோலும் உலர்ந்தது. நோட்டில் அதைச் சந்தோஷமாக எழுதினேன். ஆறாம் நாள் சுண்டுவிரல் இடுக்கில் ஒரு வெடிப்பு, அமுக்கினால் சீழ். அத்தைக்குச் சர்க்கரை உண்டு. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். மாத்திரையும் களிம்பும் தந்தார்கள், பத்து நாளில் ஆறியது. அந்தப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்: சர்க்கரை உள்ளவர் காலில் கைவைத்தியம் இல்லை. முதல் நாளே அது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும் என்பது இன்னும் மனதில் கிடக்கிறது.

போன கார்த்திகையில் ஆரியங்காவிலிருந்து ஒரு சேச்சி எங்கள் தெருவுக்கு வந்திருந்தார். வேலியைப் பார்த்ததும், “மோளே, இது வலிய ஆடலோடகம். மருந்தினு செறியதா நல்லது” என்றார். இது பெரிய ஆடாதொடை, மருந்துக்குச் சின்னதுதான் நல்லது என்று அர்த்தம். எங்கள் பகுதி திருவிதாங்கூரோடும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்ததுதான், அதனால் மலையாளப் பெயர்கள் காதுக்கு அந்நியமில்லை. கற்பூரவல்லி அங்கே பனிக்கூர்க்க, முடக்கத்தான் உழிஞ்ஞ, தொட்டாற்சுருங்கி தொட்டாவாடி. ஆனால் ஆடாதொடையில் பெரியது சின்னது என்று இரண்டு உண்டு என்பதும், கேரளத்து வைத்தியர்கள் சின்னதைத்தான் விரும்பி எடுப்பார்கள் என்பதும் எனக்குப் புதிது. பெயர் ஒன்றாக இருந்து செடி வேறாகிற ஆபத்தும் இருக்கிறது. கேரளத்தில் பிரம்மி என்று கேட்டால் நீர்ப்பிரமியைத் தருவார்கள். வடக்கே பல இடங்களில் அதே பெயரில் வல்லாரையைத் தருவார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு செடிக்கும் இலை, பூ, இரண்டு பக்கத்துப் பெயர் மூன்றையும் எழுதி, ஒரு இலையை அழுத்திக் காயவைத்து நோட்டில் ஒட்டுகிறேன்.

மாசியில் சேச்சி சின்ன ஆடலோடகத்தின் கம்பு மூன்று கொடுத்துவிட்டார், ஈரத்துணி சுற்றிப் பஸ்ஸில் வந்து சேர்ந்தது. கிணற்றடி ஈரத்தில் நட்டேன். இரண்டு பட்டுப்போனது. ஒன்று கணுவில் துளிர்விட்டு, இன்றைக்கு எண்ணினால் ஆறு இலை. 250 கிராமுக்கு இன்னும் ரொம்ப நாள் ஆகும். அதுவரை வேலியில் இருக்கிற பெரியதைத்தான் கொப்பரையில் வைக்க வேண்டும். வருகிற சாரலுக்கு நாலாவது பாட்டில் அதில்தான்.