கீழவெளி வீதி வியாகுல மாதா: ஏழு துக்கங்களைச் செபிக்கும் முறை

மதுரையில் திருமலை நாயக்கர் மகாலைப் பார்க்க வருபவர்களில் பலர், பத்து நிமிட நடையில் இருக்கும் இரட்டைக் கோபுரப் பேராலயத்தைத் தெருவில் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். உள்ளே அரை மணி நேரம் உட்கார வேண்டிய கோயில் இது. ஆட்டோக்காரரிடம் வியாகுல அன்னை பேராலயம் என்று முழுப்பெயர் சொல்வதைவிட, 'செயின்ட் மேரீஸ் சர்ச்' என்றால் சட்டென்று புரியும்.

பேராலயத்தை ஒட்டிய கீழவாசலில் இப்போது கோட்டை வாசல் கிடையாது. 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்க்க, நகரம் வெளியே விரிந்தது. வெளி வீதிகள் பிறந்தன. விளக்குத்தூண் அவர் நினைவாக நிற்பதுதான். அதே காலத்தில், 1841-இல், இயேசு சபையின் கார்னியர் அடிகளார் இங்கே ஒரு சிற்றாலயம் எழுப்பினார். மதுரை 1938-இல் மறைமாவட்டமாகி, 1953-இல் உயர்மறைமாவட்டமாயிற்று.

இங்கே வந்தால் சொல்ல வேண்டியது, மாதாவின் ஏழு வியாகுலங்களை, அதாவது ஏழு துக்கங்களை, நினைத்துச் சொல்லும் ஏழு வியாகுலச் செபமாலை. பலரும் கையிலிருக்கும் வழக்கமான செபமாலையையே உருட்டிக் கணக்கைத் தவறவிடுகிறார்கள். அதில் கட்டுக்குப் பத்து மணி, ஐந்து கட்டு. இதில் ஏழு கட்டு, கட்டுக்கு ஏழே மணி. ஒவ்வொரு கட்டுக்கும் முன்னால் துக்கத்தைச் சொல்லி ஒரு பரலோக மந்திரம் ('பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே'), பிறகு ஏழு அருள்நிறை மந்திரம் ('அருள் நிறைந்த மரியே'). ஏழேழு நாற்பத்தொன்பது, மாதாவின் கண்ணீரை நினைத்துக் கடைசியில் மூன்று: ஆக 52. ஏழுமணி மாலை இல்லாதவர்கள் விரல்விட்டு எண்ணுவது நல்லது. பத்துமணி மாலையென்றால் விரல் பழக்கதோஷத்தில் எட்டாவது மணிக்குத் தாவிவிடும்.

துக்கங்களின் வரிசை: சிமியோன் முதுபெரியவர் 'உன் உள்ளத்தை ஒரு வாள் ஊடுருவும்' என்றது, எகிப்துக்கு ஓடியது, பன்னிரண்டு வயதுப் பிள்ளையை எருசலேமில் தொலைத்துத் தேடியது, சிலுவை சுமந்துவந்த மகனை வழியில் கண்டது, சிலுவையடியில் நின்றது, இறக்கிய உடலை மடியில் ஏந்தியது, அடக்கம் செய்தது. மாதா சுரூபத்தின் (சிலையின்) நெஞ்சில் வாள் இருப்பது சிமியோன் சொன்ன அந்த வார்த்தையால்தான்.

முதல் மூன்றை மாதா சுரூபத்தின் முன் உட்கார்ந்து சொல்லலாம். மற்ற நான்கையும் சிலுவைப்பாதையோடு, அதாவது இயேசுவின் பாடுகளைக் காட்டும் பதினான்கு நிலைப் படங்களோடு, சேர்த்துக்கொள்ளலாம்: நான்காம் துக்கம் நான்காம் நிலை, ஐந்து, ஆறு, ஏழுக்கு 12, 13, 14-ஆம் நிலைகள். படத்தின் முன் நின்று சொல்லும்போது மனம் அலைவதில்லை. நிதானமாகச் சொன்னால் இருபத்தைந்து நிமிடம் ஆகும். திருப்பலி (பூசை) நடக்கும்போது இப்படி எழுந்து நடக்கக் கூடாது. நேரம் அறிவிப்புப் பலகையில் இருக்கும், பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

வியாகுல அன்னையின் திருநாள் செப்டம்பர் 15, திருச்சிலுவை மகிமை விழாவுக்கு மறுநாள். அன்று கூட்டத்தில் நிலைகளைச் சுற்றிவருவது நடக்காத காரியம். சாதாரண வாரநாள் பிற்பகலே வசதி.

மெழுகுவர்த்தி ஏற்றுபவர்களுக்கு ஒன்று. மதுரை வெயிலில் பைக்குள் வைத்து எடுத்துவரும் மெல்லிய மெழுகுதிரிகள் வளைந்துவிடும். வளைந்ததை எரியும் திரிகளுக்கு நெருக்கமாக நட்டால் பக்கத்துச் சூட்டில் நடுவில் உருகிச் சாய்ந்து, அடுத்தவர் ஏற்றியதையும் அணைத்துவிடும். அடியைச் சுடரில் காட்டி, இரண்டு சொட்டு உருகியதும் ஓரமாக அழுத்தி, பத்து எண்ணும்வரை விடாமல் பிடித்திருங்கள்.