ஸ்பீட் டெஸ்ட் முடிவை ப்ரோமிதியஸுக்குள் ஏற்றியாச்சு (கோப்பு வழியாக)

ஒரு வழியாக, இணைய லைனின் வேகத்தைக் காட்டும் கோடு கிராஃபானாவில் (வரைபடம் போடும் கருவி) அறுபடாமல் வருகிறது. வேகத்தை அளக்க ஊக்லாவின் கமாண்ட் லைன் கருவி, அதன் முடிவைப் பிரித்தெடுக்க ஜேக்யூ, அளவுகளை வெளியே காட்ட நோட் எக்ஸ்போர்ட்டர், அவற்றைச் சேகரித்து வைக்க ப்ரோமிதியஸ். இவ்வளவுதான் சாமான்.

ஸ்க்ரேப் (ப்ரோமிதியஸ் வந்து அளவுகளை எடுப்பது) வரும்போதே டெஸ்ட்டை ஓட்டும் எக்ஸ்போர்ட்டர் சரிப்படவில்லை. டெஸ்ட் முடிய அரை நிமிடம் ஆகிறது. ப்ரோமிதியஸ் இயல்பாகக் காத்திருப்பது 10 நொடி. டைம்அவுட்டைக் கூட்டி, அரை மணிக்கு ஒரு ஸ்க்ரேப் என்று வைத்தாலும் தொல்லை தீராது. 5 நிமிடத்துக்கு மேல் பழசான மதிப்பை ப்ரோமிதியஸ் எடுக்காது, வரைபடம் புள்ளி புள்ளியாகச் சிதறும்.

அதனால் டெஸ்ட் தனி, ஸ்க்ரேப் தனி. சிஸ்டம்டி டைமர் (லினக்ஸில் குறித்த நேரத்துக்கு வேலையை ஓட்டுவது) அரை மணிக்கொரு முறை ஸ்க்ரிப்டை ஓட்டும். ஸ்க்ரிப்ட் எழுதிவைக்கும் கோப்பை நோட் எக்ஸ்போர்ட்டரின் டெக்ஸ்ட்ஃபைல் கலெக்டர் படித்துக்கொள்ளும். சர்வீஸில் பயனர் பெயர் கொடுக்காவிட்டால் ஹோம் (HOME) என்ற சூழல் மாறியே (environment variable) இருக்காது, ஊக்லா கருவி தொடங்கியதுமே விழுந்துவிடும். லைசென்ஸ் ஒப்புதலையும் கமாண்டிலேயே கொடுத்துவிட வேண்டும்.

உயிரை வாங்கியது அந்தக் கோப்பு எழுதும் இடம்தான். நேரடியாக எழுதினால், பாதி எழுதியிருக்கும்போது ஸ்க்ரேப் வந்து மாட்டும். தற்காலிகக் கோப்பில் எழுதி முடித்துவிட்டுப் பெயர் மாற்ற வேண்டும். அதுவும் அதே டைரக்டரியில். டெம்ப் டைரக்டரி வேறு ஃபைல் சிஸ்டமாக இருந்தால் பெயர் மாற்றுவது வெறும் காப்பி ஆகிவிடும், பழைய கதைதான். இவ்வளவும் செய்த பிறகும் மெட்ரிக் (ப்ரோமிதியஸ் சேகரிக்கும் அளவு) வரவில்லை, பிழைச் செய்தியும் முன்னால் வந்து நிற்கவில்லை. காரணம்: எம்கேடெம்ப் (தற்காலிகக் கோப்பு உருவாக்கும் கமாண்ட்) உருவாக்கும் கோப்புக்கு அனுமதி 600, அதாவது சொந்தக்காரர் மட்டுமே படிக்கலாம். ரூட்டுக்குச் சொந்தமான அதை வேறு பயனராக ஓடும் நோட் எக்ஸ்போர்ட்டர் எப்படித் திறக்கும்? பெயர் மாற்றும் முன் 644 (எல்லோரும் படிக்கலாம்) ஆக்கியதும் வந்துவிட்டது. டெக்ஸ்ட்ஃபைல் ஸ்க்ரேப் எரர் என்ற மெட்ரிக் 1 என்று காட்டிக்கொண்டேதான் இருந்தது. அதை முதலில் பார்த்திருக்க வேண்டும். கடைசி வரிக்குப் பின் நியூலைன் விட்டுப்போனாலும் இதே கோலம்.

ஊக்லா தரும் பேண்ட்வித் நொடிக்கு இத்தனை பைட். பழைய பைத்தான் கருவி தருவது பிட். பழையதிலிருந்து ஊக்லாவின் கருவிக்கு மாறியவர்களுக்கு வேகம் எட்டில் ஒன்றாகக் குறைந்ததுபோல் தெரியும். மெட்ரிக்கில் பைட்டாகவே வைத்து, கிராஃபானாவில் 8-ஆல் பெருக்குவதே நல்லது. பாக்கெட் லாஸ் (வழியில் தொலையும் தரவின் அளவு) சில முடிவுகளில் இருக்கவே இருக்காது. அதை 0 என்று நிரப்பாதீர்கள், அந்த வரியையே விட்டுவிடுங்கள். சர்வர் எண்ணையும் நிலையாகக் கொடுங்கள். இல்லையேல் லைனை அளக்கிறோமா, சர்வரை அளக்கிறோமா என்றே தெரியாது.

இதை ஓட்ட ராஸ்பெரி பை 3பி என்ற சிறு கணினி வைத்திருப்பவர்கள் 200 எம்பிபிஎஸ் லைனை அளக்கப் பார்க்க வேண்டாம், அதன் ஈதர்நெட் போர்ட்டே 100தான். 3பி பிளஸ் யுஎஸ்பி 2 வழியாகப் போவதால் 300-ஐ ஒட்டி நின்றுவிடும். பை 4 என்றால் கவலையில்லை.

டேட்டா கணக்கு: 100 எம்பிபிஎஸ் லைனில் போக 10 நொடி, வர 10 நொடி என்றால் ஒரு டெஸ்ட்டுக்கு 250 எம்பி. நாளுக்கு 48 முறை, 12 ஜிபி. மாதம் 360 ஜிபி போய்விடும். டெஸ்ட்டை இரண்டு மணிக்கொரு முறையாக்கி, நடுவில் பிளாக்பாக்ஸ் எக்ஸ்போர்ட்டரால் (வெளி முகவரியைத் தொட்டுப் பார்க்கும் கருவி) பிங் மட்டும் அளக்கலாம் என்று திட்டம்.

அதற்கு முன் ஒரு பாக்கி. டெஸ்ட் தோற்றால் பழைய கோப்பு அப்படியே கிடந்து, லைன் செத்த பிறகும் 95 எம்பிபிஎஸ் என்று நேர்கோடு போடுகிறது. வெற்றியா தோல்வியா என்று 1, 0 எழுதும் வரி சேர்த்தாயிற்று. கோப்பு மாறி 90 நிமிடம் தாண்டினால் அலர்ட் அடிக்கும் விதி இன்னும் எழுதவில்லை.