ஸ்கேன் நார்மல், ஆனால் கை நடுங்குகிறதே

"ஸ்கேன்ல ஒண்ணுமில்லைன்னு போட்டிருக்காங்க. அப்புறம் ஏன்க்கா எங்கப்பாவுக்குக் கை நடுங்குது?" என்று ஒரு பெண் என்னிடம் கேட்டார்.

பெங்களூரில் அல்சூர் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியனாக இருக்கிறேன். தமிழ் பேசுகிற ஆள் என்பதால் மர்பி டவுன், சிவாஜிநகர், தங்கவயல், ஓசூர் என்று எங்கிருந்து வருகிறவர்களும் ரிப்போர்ட்டை வாங்கியதும் என்னைத்தான் தேடுவார்கள். படம் பார்த்துச் சொல்ல வேண்டியவர்கள் ரேடியாலஜிஸ்டும் நியூரோ டாக்டரும். அது என் வேலை இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு எல்லோருக்கும் பொருந்துகிற பதில் ஒன்று உண்டு. வாசலில் நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

பார்க்கின்சன் என்ற நடுக்குவாத நோய்ச் சந்தேகத்தில் எடுக்கும் சாதாரண மூளை ஸ்கேன் பெரும்பாலும் நார்மலாகத்தான் வரும். டாக்டர் அதை எழுதிக் கொடுப்பதே பக்கவாதம், கட்டி, மூளைக்குள் நீர் சேர்வது போன்ற வேறு காரணங்கள் இல்லை என்று பார்த்துக்கொள்ளத்தான். பார்க்கின்சனில் அழிவது நடுமூளையில் சப்ஸ்டன்ஷியா நைக்ரா என்ற சிறிய கருநிறப் பகுதியில், அசைவைச் சீராக்கும் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள். கை நடுங்கத் தொடங்குவதற்குள் அவற்றில் கணிசமான பங்கு போய்விட்டிருக்கும். ஆனால் மூளையின் வடிவம் அப்படியேதான் இருக்கும். சாதாரண ஸ்கேன் வடிவத்தைத்தான் நன்றாகக் காட்டும்.

உள்ளே நடக்கும் சேதத்தைப் பார்க்க வேறு வழி வேண்டும். அந்த வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது டிஃப்யூஷன், அதாவது தண்ணீர் பரவுவதை எம்.ஆர்.ஐ.யில் அளப்பது. நம் மூளைக்குள் இருக்கும் தண்ணீர் மூலக்கூறுகள் ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கின்றன. ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் ஏறக்குறைய 10 மைக்ரான் தூரம் நகர்ந்துவிடும். அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. கோரைப்பாயில் தண்ணீர் கொட்டினால் கோரையின் போக்கில்தானே ஓடும்? நரம்பு இழைக் கற்றையிலும் அப்படித்தான்: இழையோடு நீளவாக்கில் சுலபமாக நகரும், குறுக்கே போக முடியாமல் சவ்வும் மையலின் உறையும் தடுக்கும். இழை சிதைந்தால் அந்தத் தடுப்பு தளர்ந்துவிடும், தண்ணீர் எல்லாப் பக்கமும் பரவத் தொடங்கும்.

இதைப் பல திசைகளில் அளந்து கணக்கிடும் முறைதான் டிடிஐ (டிஃப்யூஷன் டென்சர் இமேஜிங்). 1994இல் பீட்டர் பாசர், டெனி லெ பிஹான் என்ற ஆராய்ச்சியாளர்களும் மற்றொருவரும் சேர்ந்து இந்தக் கணக்கை எழுதிக் கொடுத்தார்கள். குறைந்தது ஆறு திசையாவது வேண்டும், நல்ல ஆராய்ச்சியில் முப்பது, அறுபது என்று போகும். கடைசியில் கிடைப்பது 0 முதல் 1 வரை ஓர் எண். ஒழுங்காக அடுக்கிய கற்றையில் எண் உயரும், மூளைத் தண்டுவட நீரில் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். தசைகளை இயக்கும் நரம்புகள் அழிந்துபோகும் ஏ.எல்.எஸ். நோய் உள்ளவர்களில் தசைகளை இயக்கும் பாதை நெடுக இந்த எண் குறைவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பார்க்கின்சனில், செல்களுக்கு வெளியே கட்டற்று நகரும் நீரின் பங்கு சப்ஸ்டன்ஷியா நைக்ராவில் கூடுவதையும், வருடங்கள் போகப் போக அது மேலும் ஏறுவதையும் அளந்திருக்கிறார்கள். எந்தச் சாயமும் ஊசியும் இல்லாமல், உடம்பில் இருக்கும் தண்ணீரை வைத்தே இவ்வளவும் தெரிகிறது. இத்தனை வருடம் வேலை பார்த்தும் எனக்கு இது பழகிப்போகவில்லை.

இரும்பைக் காட்டும் இன்னொரு வகைப் படமும் இருக்கிறது. 3 டெஸ்லா காந்த வலிமை உள்ள மிஷினில் நல்ல ஆரோக்கியமானவர்களின் சப்ஸ்டன்ஷியா நைக்ராவில் ஒரு சின்ன வெண்புள்ளி தெரியும், சுற்றிலும் இரும்பு இருப்பதால் கருப்பு. பார்ப்பதற்குத் தகைவிலான் குருவியின் கவட்டை வால் போலிருப்பதால் அந்தப் பெயரே வைத்துவிட்டார்கள். பார்க்கின்சனில் அந்த வெண்புள்ளி கருத்து மறைந்துவிடும். தூக்கத்தில் கனவோடு சேர்ந்து கத்துவது, உதைப்பது என்றிருக்கும் சிலரிடம் நடுக்கம் வருவதற்கு முன்பே அது மறைந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். ஆனால் பார்க்கின்சனை ஒத்த வேறு சில நோய்களிலும் மறையும். அதனால் அதை மட்டும் வைத்து நோயின் பெயரைச் சொல்லிவிட முடியாது.

படம் தெளிவாக வருவதில் பாதி நோயாளியின் கையில். டிஃப்யூஷன் ஓடும்போது மிஷின் அலறும், மெத்தையே அதிரும். வயதானவர்கள் மிரண்டுபோய்த் தலையைத் திருப்புவார்கள். நாங்கள் அளப்பது மைக்ரான் கணக்கு. தலை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் என்ன மிஞ்சும்? அதனால் உள்ளே அனுப்புவதற்கு முன்பே, "ஐயா, நடுவுல படுக்கை அதிரும், சத்தம் வரும். நான் இங்கதான் இருக்கேன், கண்ணை மூடிட்டுப் படுத்திருங்க" என்று தமிழிலேயே சொல்லிவிடுவேன். கன்னடத்திலோ இங்கிலீஷிலோ கேட்டுத் தலையாட்டியவர் தமிழில் கேட்டதும் தோளைத் தளர்த்துவது கண்ணாடி வழியாகவே தெரியும்.

இதையெல்லாம் படித்துவிட்டு யாரும் "முன்கூட்டியே கண்டுபிடிக்கும் ஸ்கேன்" என்று காசு கட்டப் போய்விடாதீர்கள். இன்றைக்கு இந்த எண்கள் நூறு பேரை நூறு பேரோடு ஒப்பிடும்போது பேசுகின்றன. தனி ஒருவரின் விதியைச் சொல்லும் அளவுக்கு வரவில்லை. மிஷினுக்கு மிஷின் எண் மாறும். இரண்டு கற்றைகள் குறுக்கே வெட்டிப் போகும் இடத்தில், எல்லாம் நன்றாக இருந்தாலும் எண் குறைவாகவே வரும். பயத்தில் இருக்கும் குடும்பத்திடம் இதைச் சொல்லாமல் ஸ்கேன் எடுத்துக் காசு வாங்குவது தவறு என்று நினைக்கிறேன்.

ஒரே மனிதரை வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப அளப்பதில்தான் எனக்கு நம்பிக்கை. நம் பெங்களூரிலேயே, ஐ.ஐ.எஸ்.சி. (இந்திய அறிவியல் கழகம்) வளாகத்தில் உள்ள மூளை ஆராய்ச்சி மையம் இதைச் செய்கிறது. கோலார் மாவட்டம் சீனிவாசபுரம் கிராமங்களில் 45 வயதைக் கடந்தவர்களை நோய் வருவதற்கு முன்பிருந்தே தொடர்ந்து பரிசோதிக்கிறார்கள். எம்.ஆர்.ஐ.யும் அதில் உண்டு.

அந்தப் பெண்ணிடம் நான் சொன்னது இரண்டு விஷயம்தான். அப்பாவுக்கு வாசனை தெரிவது குறைந்திருக்கிறதா, மலச்சிக்கல் எப்போதிலிருந்து, தூக்கத்தில் கத்துகிறாரா என்று எழுதி நியூரோ டாக்டரிடம் கொடுங்கள். பார்க்கின்சனை இன்றும் அவர் கேட்டும் தொட்டும்தான் கண்டுபிடிக்கிறார். அடுத்து, ஃபிலிமோடு நிற்காமல் முழு ஸ்கேனும் உள்ள சி.டி.யைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். இரண்டு வருடம் கழித்து இன்னொரு ஸ்கேன் எடுத்தால் ஒப்பிட அதுதான் உதவும். ஃபிலிமை வைத்துக்கொண்டு டிஃப்யூஷன் எண்ணைத் திரும்பக் கணக்கிட முடியாது.